வேர்ச்சொல் பிரிவில் ஒரு முதுகு

காலையில் கண் விழித்ததும் கட்டை முதலில் செய்கிற வேலை, இடுப்பு என்ன சொல்கிறது என்று கேட்பது. அன்றைக்கும் அது அவனுக்கு முன்பே விழித்துக்கொண்டு அவனைத் திட்டிக்கொண்டிருந்தது. ஒருக்களித்துப் புரண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மூச்சை அடக்கி, அடுத்த காலை இறக்குவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையை ஒரே மூச்சில் தலைக்கு ஏற்றிய ஆள், சொந்த உடம்பைக் கட்டிலிலிருந்து இறக்க முடியாமல் தவித்தான்.

கட்டை என்பது அவன் பெயரல்ல. ஆள் குட்டை, அகலம். சிமெண்ட் கிடங்கில் சம்பளப் பட்டியல் போடுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அங்கே சுமை தூக்குகிறவர்களுக்கு ஜோடி உண்டு. கட்டைக்கு ஜோடி அவன் தங்கை புருஷன். ஆள் உயரம் என்பதால் அவனுக்கு நெட்டை என்று பெயர் வந்தது. யாரும் அதிகம் யோசிக்கவில்லை. ஒரு ஜோடிக்கு நாளைக்கு இருநூற்று நாற்பது மூட்டை, ஆளுக்குப் பாதி. ரயில் பெட்டியிலிருந்து பலகை வழியாக இறங்கி, கிடங்குக்குள் நடந்து, அடுக்கில் போட வேண்டும். வியர்வையும் சிமெண்டும் கலந்து கழுத்தில் அப்பி, மாலைக்குள் தோலைத் தின்றுவிடும். அதை யாரும் வியாதியில் சேர்ப்பதில்லை.

ஜோடியில் ஒருவன் படுத்துவிட்டால், அவன் பங்கையும் மற்றவன் தூக்க வேண்டும். படுத்தவன் எழுந்து வந்ததும், எத்தனை மூட்டை தனக்காகத் தூக்கப்பட்டதோ அத்தனையையும் திருப்பித் தூக்கிக் கொடுக்க வேண்டும். இதற்கு 'முறை' என்று பெயர். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. இதுவரை யாரும் ஏமாற்றியதும் கிடையாது.

இடுப்பு போனது வேலையால்தான் என்று தொழிலாளர் நோய்க் காரண ஆணையம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், கிடங்கு அந்த ஜோடிக்கு ஒரு மாற்றாளைத் தர வேண்டும். எழுதாவிட்டால் மாற்றாள் இல்லை. ஜோடியில் மற்றவனும் விழுந்தால் இரண்டு பேர் பெயரையும் அடித்துவிடுவார்கள். கட்டைக்கு வேண்டியது அந்த ஒரு வரி. அதுவரை நெட்டை ஒருத்தனே இருநூற்று நாற்பதையும் தூக்கிக்கொண்டிருந்தான்.

கட்டையும் அவன் மனைவியும் நிற்க, பொது மருத்துவமனை டாக்டர் எலும்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளியே நூறு பேர் நின்றார்கள்.

"எத்தனை வருஷமா தூக்கறே?"

"இருபத்திரண்டு சார்."

"ம்." படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு மேல் அவர் பேனா நின்றது. ஒரு சொல்லுக்குத்தான் அங்கே இடம். 'வேலை' என்று எழுதினால் ஆணையம் அவரைச் சாட்சி சொல்ல மூன்று நாள் கூப்பிடும். போன தடவை கூப்பிட்டு, மூன்று நாளும் வராந்தாவில் உட்கார வைத்திருந்தது. அவர் ஒரு சொல்லை எழுதி முத்திரை குத்தினார்.

"இடியோபதிக். இத எழுதினா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, நானும் மூணு நாள் ஆணைய வராந்தாவுல உக்கார வேண்டியதில்ல."

"பெரிய வியாதியா சார்?"

"இல்லப்பா. காரணம் தெரியலன்னு அர்த்தம்."

கட்டைக்கு ஆச்சரியமாக இருந்தது. காரணம் அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

ஆணையம் நான்கு மாடிக் கட்டடம். லிஃப்ட் உண்டு, அலுவலர்களுக்கு மட்டும். ஆதியில் ஆணையத்தில் டாக்டர்கள்தான் இருந்தார்களாம். அவர்கள் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பார்கள், குனியச் சொல்வார்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள். கோப்பு முடியாது. அதுவுமில்லாமல் நோயாளிகள் நாறினார்கள். பிறகுதான் ஒரு மேதைக்கு அந்த யோசனை வந்தது: ஆளை எதற்குப் பார்க்க வேண்டும்? டாக்டர் எழுதின சொல்லைப் பார்த்தால் போதாதா? நோயின் பெயரெல்லாம் பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். சொல்லைப் பிரித்தால் உள்ளே காரணம் இருக்கும். அன்றிலிருந்து டாக்டர்களை அனுப்பிவிட்டு, ஒன்பதாம் அறையில் வேர்ச்சொல் பிரிவைத் திறந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'உடம்பு பொய் சொல்லும். சொல் பொய் சொல்லாது.'

அறையில் இருந்த பெஞ்சுகளுக்குச் சாய்வு கிடையாது. கட்டையும் அவன் மனைவியும் உட்காரப் போனார்கள். மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிறவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். டோக்கன் கொடுக்கிறவர் ஓடிவந்தார்.

"என்ன சொல்லு?"

"இடியோபதிக்குங்க."

"கிரேக்கமா? நில்லு, நில்லு. கிரேக்கச் சொல் வெச்சிருக்கிறவங்க உக்காரக் கூடாது. மரியாதை."

"அவரு உக்காந்திருக்காரே?" என்று மனைவி எதிர்ப் பெஞ்சைக் காட்டினாள். கையில் கட்டுப் போட்ட ஒரு ஃபிட்டர் அங்கே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கு ஃப்ராக்சர். லத்தீன். லத்தீனுக்கு உக்காரலாம்."

ஃபிட்டர் வெட்கத்தோடு காலை மடக்கிக்கொண்டார். கட்டை இடுப்பைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றான். சுவரில் சாயக் கூடாது என்றும் ஒரு பலகை இருந்தது. ஆனால் அதற்குள் டோக்கன்காரர் வேறு ஆளைத் திட்டப் போய்விட்டார்.

முன்னால் ஒரு தையல்காரப் பெண். ஒற்றைத் தலைவலி, டாக்டர் மைக்ரேன் என்று எழுதியிருந்தார். சொல்லைப் பிரிக்கிற சொல்லலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டை, கையில் தடித்த அகராதி. அதை விரல் வைத்துத் திறக்கிற விதத்திலேயே, இந்தக் கை வேறு எதையும் தூக்கியதில்லை என்று கட்டைக்குத் தெரிந்துவிட்டது.

"ஹெமின்னா பாதி. க்ரானியான்னா மண்டையோடு. பாதி மண்டை. சேர்ந்து தேய்ஞ்சு மைக்ரேன் ஆச்சு. புரியுதா? ஆக உனக்குப் பாதி மண்டைக்குத்தான் வியாதி. மீதிப் பாதி நல்லா இருக்கு. மூணு நாள் லீவு கேட்டிருக்க. ஒன்றரை நாள் தரலாம்."

"சார், வந்துச்சுன்னா முழுத் தலையும் வலிக்குது சார்."

"அப்ப அது மைக்ரேனே இல்ல. வேற சொல் வாங்கிட்டு வா."

அவள் ஒன்றரை நாளை வாங்கிக்கொண்டு, முழுத் தலையையும் பிடித்தபடி போனாள்.

"அடுத்து யாரு? நீதான் இடியோபதிக்கா?"

"ஆமாங்க."

சொல்லலுவலர் முகம் மலர்ந்தது. நல்ல சொல் தினமும் கிடைப்பதில்லை. "ஆகா! இது வைரம்ப்பா. உங்கிட்ட என்ன இருக்குன்னு உனக்கே தெரியாது. இடியோஸ்னா ஒருத்தனுக்குச் சொந்தமானது, தனக்கே உரியது. பாதோஸ்னா துன்பம், நோவு. ரெண்டையும் சேரு. என்ன வருது?"

கட்டை மனைவியைப் பார்த்தான்.

"சொந்த நோவு! தன் நோவு! பாத்தியா, எப்படிப் பளிச்சுனு வந்து நிக்குது? இது உன்னோட சொந்த நோவு. கிடங்கோடது இல்ல. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சொல்லி வெச்சிட்டான்."

"அவங்க இவரைப் பாக்கவே இல்லையே சார்" என்றாள் மனைவி.

"யாரு?"

"அந்த ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி இருந்தவங்க."

சொல்லலுவலர் கருணையோடு சிரித்தார். "நாங்களும்தாம்மா பாக்கல. அதுதான் நியாயம்."

"டாக்டர் வேற மாதிரி சொன்னாருங்க" என்றான் கட்டை. "காரணம் தெரியலன்னா அப்படி எழுதுவோம்னாரு."

"டாக்டருங்க இப்ப அப்படித்தான் உபயோகிக்கிறாங்க. அது வழக்கு. வழக்கு இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. நாங்க வழக்கைப் பாக்கிறதில்ல. வேரைப் பாக்கறோம்."

"தெரியலங்கறதுக்கா சார் இவ்ளோ பெரிய சொல்லு?" என்றாள் மனைவி. "எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போகும்."

சொல்லலுவலர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோப்பில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'சொந்த நோவு. மாற்றாள் தேவையில்லை.'

தீர்ப்பின் நகல் ஒன்று கிடங்குக்குப் போயிற்று. கிடங்கு மேலாளர் எதையும் எழுத்துப்படி செய்கிறவர். 'தொழிலாளர்கள் சொந்தப் பொருட்களைக் கிடங்குக்குள் கொண்டுவருவது விதிப்படி குற்றம். ஆணையத்தால் சொந்தம் என்று உறுதி செய்யப்பட்ட நோவைத் தாங்கள் இருபத்திரண்டு ஆண்டுகளாக உள்ளே கொண்டுவந்து வெளியே எடுத்துச் சென்றது ஏன் என்று ஏழு நாளில் விளக்கவும்' என்று நோட்டீஸ் வந்தது. நெட்டை வேலை முடிந்து வந்து, அதை வாங்கி உரக்கப் படித்தான். இமையில் சிமெண்ட் காய்ந்து கண் பாதிதான் திறந்தது.

"வாசல்ல செருப்பக் கழட்டி வெக்கிற மாதிரி இடுப்பக் கழட்டி வெச்சுட்டு வந்திருக்கணும் மச்சான். தப்பு உங்க மேலதான்."

"சிரிக்காத மாப்ளே. இன்னைக்கு எத்தனை?"

"இருநூத்தி நாப்பதுதான். குறைச்சுக்கவா சொன்னான்?" நெட்டை வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தான். உட்காரும்போது அந்த முட்டி ஒரு சத்தம் போட்டது. இரண்டு பேரும் கேட்டார்கள். இரண்டு பேரும் கேட்காதது மாதிரி இருந்தார்கள்.

வேலைக்குப் போகாத இருபத்தாறாம் நாள் கட்டையும் மனைவியும் இன்னொரு சான்றிதழோடு ஆணையத்துக்குப் போனார்கள். எலும்பு முதுகு எல்லாம் தெரிந்த பெரிய டாக்டர், வேலையால் வந்ததுதான் என்று கீழே தெளிவாகவே எழுதியிருந்தார். சொல்லலுவலர் கீழே போகவே இல்லை. தலைப்பிலேயே நின்றுவிட்டார்.

"ஆர்த்தோபீடிக். ஆர்த்தோஸ்னா நேரானது. பீடிக் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? பைஸ். குழந்தை. குழந்தைங்களை நேரா நிமித்துறது. உனக்கென்ன வயசு?"

"நாப்பத்தாறுங்க."

"அப்ப குழந்தை எங்க?"

"எந்தக் குழந்தைங்க?"

"அதான் நானும் கேக்கறேன். குழந்தைக்கு வைத்தியம் பாக்கிற டாக்டர் குடுத்த காகிதத்த எடுத்துட்டு, குழந்தை இல்லாம வந்து நிக்கற."

வெளியே வந்து, ஆணையத்துப் படியில் கட்டை நின்றான். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் நின்றான். மனைவி சான்றிதழை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "எழுந்து வாங்க" என்றாள்.

"நின்னுட்டுத்தானே இருக்கேன்."

"சரி, நடங்க. அந்த முத டாக்டர்கிட்ட போறோம்."

டாக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டதும் பார்வையை மேஜைக்குத் தாழ்த்திக்கொண்டார். அவள் படத்தை எடுத்து ஜன்னலில் அவளே பிடித்தாள்.

"நீங்க இதப் பாத்தீங்கல்ல சார்?"

"பாத்தேம்மா."

"என்ன தெரிஞ்சுச்சு?"

"தட்டு விலகியிருக்கு. தேஞ்சிருக்கு. மூட்டை தூக்கித்தான்."

"அத எழுதுங்க. தெரிஞ்சத எழுதறதுக்கு எதுக்கு சார் தெரியலங்கற சொல்லு? இவரு பங்கையும் சேத்து என் நாத்தனார் புருஷன் தூக்கிட்டிருக்கான். அவனும் விழுந்தா ரெண்டு குடும்பம். நீங்க மூணு நாள் வராந்தாவுல உக்காந்தா என்ன சார், உங்க இடுப்பு நல்லாத்தானே இருக்கு?"

வெளியே நூறு பேர் நின்றார்கள். டாக்டர் புதுப் படிவம் எடுத்தார். ஒரு சொல்லுக்கான கட்டத்தைத் தாண்டி, ஓரம் வரைக்கும் எழுதினார்: 'இருபத்திரண்டு ஆண்டுகள் சிமெண்ட் மூட்டை தூக்கியதால் முதுகெலும்புத் தட்டு விலகிவிட்டது.' முத்திரையை அழுத்திக் குத்தினார்.

மேல்முறையீட்டுக்கு நாற்பத்தொன்றாம் நாள் தேதி கொடுத்தார்கள். நான்காவது மாடி. லிஃப்ட் அலுவலர்களுக்கு. கட்டை எண்பத்தாறு படி ஏறினான். மூட்டையோடு ஏறியதெல்லாம் ஞாபகம் வந்தது. அதைவிட இது கனத்தது.

மேடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஆணையத் தலைவர். நாற்காலிக்குப் பஞ்சு வைத்த முதுகு, கைக்குத் தனிப் பஞ்சு, காலுக்கு ஒரு பலகை. பக்கத்து நாற்காலியில் அதே மாதிரி இன்னொருவர், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். சொல்லலுவலர் கீழே அகராதியோடு நின்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். இந்த ஆணையம் தொழிலாளியின் நண்பன். எங்களிடம் வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு வியாதி இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறோம். உலகத்தில் எந்த மருத்துவமனையாவது இத்தனை பேரைக் குணப்படுத்தியதுண்டா?"

சொல்லலுவலர் கை தட்டினார்.

"மேலும், உங்கள் சொல் சாதாரணச் சொல் அல்ல. அதன் உறவுக்காரச் சொல் ஒன்றை எல்லோரும் தினமும் சொல்கிறோம். இடியட். அதுவும் இடியோஸிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் காலத்தில் அதற்கு முட்டாள் என்று பொருளில்லை. இடியோட்டீஸ் என்றால் தனியாள். அரசாங்கப் பதவி எதுவும் வகிக்காதவன். தன் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவன். அவ்வளவுதான்."

"பதவியில இல்லாதவங்கதான் சார் இடியட்டா?" என்றாள் மனைவி.

"ஆதியில் அப்படித்தான் அம்மா."

"அப்ப நீங்க அதுல வர மாட்டீங்க."

"எப்படி வர முடியும்?" என்று தலைவர் சிரித்தார். "முப்பது வருஷமாகப் பதவியில் இருக்கிறேன்." பக்கத்து நாற்காலிக்காரரும் சிரித்தார். அறையில் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது. கட்டைக்கு அது பிடிபடவில்லை. சிரிக்க வேண்டியது யார் என்பதில்தான் அவனுக்குக் குழப்பம்.

சரியாகப் பதினொரு மணிக்கு மணியோசை கேட்டது. தலைவர் இரண்டு கைகளையும் ஊன்றி, "அம்மாடி" என்று எழுந்தார். பக்கத்திலிருந்தவர் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவர் போய் ஜன்னலோரச் சோபாவில் படுத்துக்கொண்டார்.

"அவரு யாருங்க?" என்று கட்டை டோக்கன்காரரிடம் மெதுவாகக் கேட்டான்.

"மாற்றுத் தலைவர். பெரியவருக்கு முதுகு வலி. உக்காந்து உக்காந்து வந்தது."

"அவருக்குக் குடுத்துட்டாங்களா மாற்றாளு?"

"அவருக்கு வியாதியோட சொல்ல விட்டுட்டு, நாற்காலியோட சொல்ல எடுத்தாங்கப்பா. கதீட்ரான்னா கிரேக்கத்துல நாற்காலி. நாற்காலி ஆணையத்தோடது. அதனால நோவும் ஆணையத்தோடது. ஒரே நாள்ல முடிஞ்சுது கோப்பு."

மாற்றுத் தலைவர் கட்டையின் புதுச் சான்றிதழைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். சொல்லலுவலரிடம் நீட்டினார். சொல்லலுவலர் அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அகராதியைப் புரட்டினார். வேர்த்துவிட்டது அவருக்கு.

"இதுல சொல்லே இல்லைங்கய்யா."

"இல்லையா?"

"மூட்டை தூக்கியதால்னு எழுதியிருக்கு. யாரு வேணா படிச்சா புரியுது. கிரேக்கம் இல்ல, லத்தீன்கூட இல்ல. பிரிக்கறதுக்கு எதுவுமே இல்ல."

"பிரிக்காமல் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று மாற்றுத் தலைவர் வருத்தப்பட்டார்.

"அதுலதான் காரணமே எழுதியிருக்கே சார்!" என்று கட்டை முதல் தடவையாகக் குரல் உயர்த்தினான். குரல் உயர்ந்ததும் இடுப்பில் ஒரு வெட்டு வெட்டியது. மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"மேஜையைத் தொடாதே" என்றார் மாற்றுத் தலைவர். "எழுதியிருப்பதை நாங்கள் படிக்க முடியும் அப்பா. படிப்பது இந்த ஆணையத்தின் வேலை அல்ல. வேர் இல்லாததை வேர்ச்சொல் பிரிவு எப்படிப் பரிசீலிக்கும்? தள்ளுபடி. முதல் சொல்லே நிற்கும்."

சோபாவிலிருந்து தலைவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "நல்ல சொல் அது. பத்திரமா வெச்சுக்க."

எண்பத்தாறு படி இறங்கினார்கள். மனைவி அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கீழ்ப்படியில் நின்று, அவள் மூன்று சான்றிதழ்களையும் நாலாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "கிழிக்க மாட்டேன். என்னைக்காவது இது எனக்கு வேணும்" என்றாள். எதற்கு என்று கட்டை கேட்கவில்லை.

தெருமுனையிலேயே தங்கை நின்றிருந்தாள். ஓடிவரவில்லை, அழவில்லை. "அவரு வந்துட்டாரு அண்ணே. படுத்திருக்காரு" என்று மட்டும் சொன்னாள். பகல் மூன்று மணி. அந்த நேரத்துக்கு நெட்டை வீட்டுக்கு வந்ததே இல்லை.

கட்டிலில் அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டில் எப்போதும் அவனுக்குப் பற்றாது. வலது முழங்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. பலகையில் இறங்கும்போது முட்டி திரும்பிக்கொண்டதாம். மூட்டையோடு விழுந்து, மூட்டை வெடித்து, ஆளை அடையாளம் தெரியாத அளவுக்குச் சிமெண்ட். மேஸ்திரி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, பட்டியலை எடுத்து இரண்டு பெயரையும் அடித்துவிட்டார். அவரும் தலையைக் குனிந்துகொண்டுதான் அடித்தாராம்.

"வாங்க மச்சான்" என்றான் நெட்டை. "எனக்கு என்ன சொல்லு கிடைக்கும்? உங்களுத மாதிரி பெருசா இருக்குமா?"

கட்டைக்குக் குனிந்து அந்த முட்டியைத் தொட வேண்டும்போல இருந்தது. குனிய முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எத்தனையாவது மூட்டை மாப்ளே?"

"நூத்தி எழுபது. நூத்தி அறுபத்தொம்போது அடுக்குல போட்டாச்சு. என் பங்கு நூத்திருபது போக, இன்னைக்கு உங்களுக்குத் தூக்கினது நாப்பத்தொம்போதுதான். மீதியத் தூக்கல." அவன் குரலில் மன்னிப்புக் கேட்கிற தொனி இருந்தது.

"முறையைத் திருப்பித் தந்துருவேன் மாப்ளே."

"எந்தக் கிடங்குல மச்சான்?"

தங்கை தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. கட்டை சுவரைப் பார்த்தபடி மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தான். கிரேக்கம் தேவைப்படவில்லை, விரலே போதும். முழுசாக நாற்பது நாள், நாளைக்கு நூற்றிருபது. அதற்கு மேல் இன்றைய நாற்பத்தொன்பது. கட்டை நெட்டைக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டியது நாலாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பது மூட்டை. அதில் ஒன்றுகூட இன்னும் திருப்பவில்லை.